கருமணலும் கேன்சர் பயமும்

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மணவாளக்குறிச்சி, சின்னவிளைப் பக்கமிருந்து யாராவது கேன்சர் என்று வந்தால், கூட வந்தவர் கட்டாயம் கேட்பார்: "எல்லாம் இந்த மண்ணாலதானே டாக்டரே?"

அங்குள்ள கருமணலில் கதிர்வீச்சு உண்டு, பயம் அதனால்தான். முதலில் மண்ணைப் பார்த்துவிடலாம். மலைப் பாறை கரைந்து ஆற்றோடு வந்த மணல் இது. லேசான வெள்ளை மணலை அலை இழுத்துக்கொண்டு போகும், கனமானது கரையில் தங்கும். கறுப்பாகத் தெரிவது பெரும்பாலும் இல்மனைட் என்ற கனிமம். கதிர்வீச்சுக்கு முக்கியக் காரணம் அதுவல்ல. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவே தேன் நிறத்தில் சில மணிகள் தெரியும். அதுதான் மோனசைட், கதிர்வீச்சு வெளியிடும் தோரியம் என்ற உலோகம் இருப்பது அதில்தான். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் இதைக் கண்டுபிடித்தார். மணலைப் பிரித்தெடுக்கும் ஆலை வருவதற்கு முன்பே இருந்த கதிர்வீச்சு என்பதை மறந்துவிடுகிறோம்.

இதே மணல் கொல்லம் மாவட்டம் கருநாகப்பள்ளியிலும் உண்டு. உடம்பில் படும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளப்பார்கள். இயற்கைக் கதிர்வீச்சின் உலக சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அங்கே சில இடங்களில் அதைப்போல் பல மடங்கு. அங்குள்ள சுமார் 70 ஆயிரம் பேரைப் பத்து வருடத்துக்கு மேல் கவனித்து 2009-இல் முடிவு வெளியிட்டார்கள். கதிர்வீச்சு கூடுதலான இடங்களில் கேன்சரும் கூடியதாகத் தெரியவில்லை. அதற்காக ஆபத்தே கிடையாது என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். சிறிய அபாயம் என்றால் இப்படிப்பட்ட ஆய்வின் கண்ணுக்கும் தப்பலாம்.

நான் கவலைப்படுவது வீட்டுக்குள் வரும் மணலைப் பற்றி. தோரியம் சிதையும் வழியில் தோரான் என்ற வாயு வரும். அதில் பாதி 56 விநாடியில் அழிந்துவிடும். திறந்த கடற்கரையில் மிச்சத்தைக் காற்று கொண்டுபோகும். ஆனால் அந்த மணலில் தரை நிரப்பி, சுவர் பூசி, ஜன்னலையும் சாத்திவைத்தால் கதை வேறு. தோரான் விட்டுப்போகும் கதிரியக்கத் துகள்கள் அறைக் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும், மூச்சோடு நுரையீரலுக்கும் போகும். பீடி குடிப்பவர் நுரையீரலுக்கு இது இரட்டை அடி. கடல் மணலை அள்ளிக் கட்டாதீர்கள். கட்டியாகிவிட்டது என்றால் ஜன்னலைத் திறந்தே வையுங்கள்.

இன்னொரு வேடிக்கை. மண்ணுக்குப் பயப்படுகிறவரே சாதாரணத் தலைவலிக்கு "ஒரு ஸ்கேன் எழுதித் தாங்க" என்பார். அதுவும் கதிர்வீச்சுதான், தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் சுமார் 2 மில்லிசீவர்ட். தேவையென்றால் நானே எழுதுவேன், ஆசைக்கு எழுத முடியாது.

அப்புறம், "மண்ணு செய்த வேலை, என்ன செய்ய" என்று வாயில் புகையிலையை ஒதுக்கிக்கொண்டே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், விடாத இருமல், மார்பில் கட்டி, எதுவானாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் காட்டுங்கள். மண்ணா, புகையிலையா என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.