ஓர் ஈட்டுக்கு எத்தனை கிராம்?

"இரும்பு வாணலியில் 100 கிராம் பச்சைக் காப்பிக்கொட்டையை வறுத்தால் தெருவே மணக்கிறது, அதே வாணலியில் 300 கிராம் போட்டால் நிறம் வந்தும் காப்பி சப்பென்று இருக்கிறது. ஏன்?" என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார்.

கொட்டை உலர்கிறது, 150 டிகிரி செல்சியஸை ஒட்டிப் பழுப்பேறுகிறது, 200 டிகிரியை நெருங்கும்போது உள்ளே அடைபட்ட நீராவியும் கரியமில வாயுவும் படபடவென்று வெடித்து வெளியேறுகின்றன. வாசகியின் கேள்விக்கு விடை, இந்த வெடிப்புக்கு வெகு முன்பே, கொட்டையின் ஈரத்தில் இருக்கிறது.

கல்லைப்போல் காய்ந்து தோன்றும் 100 கிராம் கொட்டைக்குள் ஏறத்தாழ 11 கிராம் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,260 ஜூல் தேவை என்பதால், அந்த ஈரத்தை விரட்டவே சுமார் 25,000 ஜூல் போய்விடும். கொட்டையை 200 டிகிரிக்குச் சூடேற்றவும் ஏறத்தாழ 30,000 ஜூல்தான் செலவாகிறது. அதாவது, அடுப்பு கொட்டைக்குக் கொடுக்கும் வெப்பத்தில் பாதியளவை நீரே கொண்டுபோகிறது! 300 கிராம் போட்டால் தேவை மும்மடங்காகிறது. தணலும் வாணலியின் அடிப்பரப்பும் கூடுவதில்லை. மேலே குவிந்த கொட்டைகள் இரும்பைத் தொடுவதே அரிதாகி, வெப்பநிலை ஊர்ந்து ஏற, கொட்டை வறுபடாமல் வேகிறது.

மிகக் குறைவாகப் போட்டாலும் கேடுதான். 30 கிராமைச் சுட்ட இரும்பில் கொட்டி வறுத்தபின் ஒரு கொட்டையைக் கத்தியால் பிளந்து பாருங்கள்: விளிம்பு கறுத்தும் நடுப்பகுதி வெளிறியும் இருக்கும்.

சூடான காற்றை ஊதிச் சோளம் பொரிக்கும் பாப்கார்ன் இயந்திரத்தில் காப்பிக்கொட்டையை வறுத்தால் இந்தக் கணக்கு தலைகீழாவதுதான் எனக்குப் பெருவியப்பு. அங்கே கொட்டையைச் சூடேற்றுவதும் கிளறுவதும் ஒரே காற்று. கொட்டை கூடினால் காற்றோட்டம் தடைபடுகிறது. சூடேற்றும் கம்பிச்சுருளை மெதுவாகக் கடக்கும் காற்று கூடுதலாகச் சூடாகிறது. ஆகவே பெரிய ஈடு பெரும்பாலும் விரைந்தே கறுக்கிறது. தொடக்கத்தில் கனத்த பச்சைக் கொட்டை மந்தமாகவேனும் சுழல வேண்டும். சுழலாமல் கிடந்தால் அடியிலிருப்பது கருகும். ஈரம் போய் உப்பிய பிறகு அதே கொட்டை துள்ளிப் பறக்கும்.

நன்றாக வறுப்பவரைக் 'கைராசிக்காரர்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கை ஆண்டுக்கணக்கில் ஒரே உழக்கால் அளந்துதான் போட்டது. அந்த அக்கறைக்கு உரிய பெருமையை ராசிக்குக் கொடுக்கலாகாது.

இன்னொன்று: பெரிய ஈடு சூட்டைத் தனக்குள் தேக்கிவைத்திருப்பதால், அடுப்பை அணைத்த பிறகும் தானாகவே வறுபட்டுக்கொண்டிருக்கும், உடனே முறத்தில் பரப்பி விசிற வேண்டும். வாசகிக்கு என் யோசனை, 300 கிராமை இரண்டு ஈடாகப் பிரித்து 150 கிராம் வீதம் வறுத்து, முதல் வெடிப்பு எத்தனையாவது நிமிடத்தில் கேட்டது என்று குறித்துக்கொள்வது. பத்து நிமிடத்தை ஒட்டிக் கேட்டால் அந்த வாணலிக்கு அதுவே அளவு. பதினைந்தைத் தாண்டினால் அடுத்த ஈட்டில் 30 கிராம் குறையுங்கள்.