எலி நீந்தியதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர். மனச்சோர்விலிருந்து நன்றாகத் தேறி வந்த பெண், மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டு வல்லாரைப் பொடிக்கு மாறி, தலைச்சுற்றலும் தூக்கமின்மையும் பழைய அழுகையுமாக வந்து உட்கார்ந்தார். "வல்லாரை மனச்சோர்வைப் போக்கும்னு ஆராய்ச்சியிலேயே நிரூபிச்சிருக்காங்க டாக்டர்" என்று அவருடைய அண்ணன் போனை நீட்டினார். தேடிப் பார்த்தால், நினைத்தபடியே சுண்டெலியிடம் செய்த ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சியில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏற முடியாத கண்ணாடி உருளையில் 25 டிகிரி தண்ணீர். எலி கொஞ்ச நேரம் துழாவி நீந்தும், அப்புறம் மூக்கை மட்டும் மேலே வைத்துக்கொண்டு சும்மா மிதக்கும். ஆறு நிமிடத்தில் கடைசி நான்கு நிமிடம், அசையாமல் மிதந்த நேரத்தைக் கணக்கெடுப்பார்கள். மூலிகைச் சாறு கொடுத்த எலி குறைவாக மிதந்தால், மனச்சோர்வை எதிர்க்கும் தன்மை இருக்கலாம் என்று எழுதுவார்கள். போர்சால்ட் என்ற ஆய்வாளரின் குழு 1977-ல் கொண்டுவந்த சோதனை இது, புது மருந்துகளைச் சலித்தெடுக்கத்தான்.

அந்த எலிக்கு மனச்சோர்வே கிடையாது, ஐயா! பெரும்பாலும் ஆரோக்கியமான ஆய்வக எலி. வராத நோய் எப்படிக் குணமாகும்? மிதப்பது நம்பிக்கை இழந்ததால்தான் என்பதே சந்தேகம், தெம்பைச் சேமிக்கக்கூட மிதக்கலாம். கஃபீன் கொடுத்தாலும் மிதப்பது குறையும், அதற்காகக் காபியை மனச்சோர்வுக்கு மருந்து என்போமா? எலியிடம் ஒரே நாளில் பலன் காட்டும் மாத்திரைக்கே மனிதரிடம் சில வாரங்கள் பிடிக்கிறது. இந்தச் சோதனைகளைச் செய்யும் எம்.ஃபார்ம் (மருந்தியல் முதுநிலைப் படிப்பு) மாணவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் செய்வது முதல் படி. அதைக் கடைசிப் படியாக்கிச் செய்தித் தலைப்பு வைப்பவர்கள் மேல்தான். எலிக்குக் கொடுப்பதும் கிலோ எடைக்கு இருநூறு, நானூறு மில்லிகிராம் என்று வடித்தெடுத்த சாறு, உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கும் பொடி இல்லை.

மூலிகையே வீண் என்று நான் சொல்லவில்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மனிதர்களிடமே சோதித்து, லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு ஓரளவு பலன் கண்ட செடி. அதையே நாங்கள் தரும் மாத்திரையோடு சேர்த்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்கு ஏறலாம், கருத்தடை மாத்திரை வலுவிழக்கலாம். அமுக்கராவால் (அஸ்வகந்தா) கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. இயற்கையானது ஒன்றும் செய்யாது என்றால், நோயை மட்டும் எப்படி ஐயா தீர்க்கும்?

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். குறைக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், படிப்படியாகக் குறைப்போம். பொடி, கஷாயம், லேகியம், எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள், திட்ட மாட்டேன். சித்த மருத்துவரிடம் போனால் எங்கள் சீட்டையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சாகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.