கேட்காமல் வந்த ஐந்தெழுத்து

கணினி ஆட்டங்களை விற்கும் தளமான ஸ்டீம் பக்கமே நீங்கள் போகவில்லை. கணினி அணைந்து கிடக்கிறது. அப்படியும் இரவு இரண்டு மணிக்கு மெயிலில் ஒரு ஐந்தெழுத்துக் குறியீடு வந்து நிற்கிறது. ‘யாரோ முயன்றிருக்கிறான், உள்ளே வர முடியவில்லை, நல்லதாய்ப் போயிற்று’ என்று அதை அழித்துவிட்டுத் தூங்கப் போகிறவர்கள்தான் அதிகம்.

அந்த மெயிலில் முதலில் படிக்க வேண்டியது குறியீட்டை அல்ல, அதற்குக் கீழே உள்ள வாக்கியத்தை. நுழைய முயன்றவர் கணக்குப் பெயரையும் பாஸ்வேர்டையும் சரியாகவே கொடுத்தார் என்று அது சொல்கிறது. பாஸ்வேர்டு பொருந்திய பிறகுதான் ஸ்டீம் குறியீட்டையே அனுப்பும். தவறான பாஸ்வேர்டை ஆயிரம் முறை அடித்தாலும் உங்களுக்கு இந்த மெயில் வராது. ஆக, வாசல் கதவு ஏற்கெனவே திறந்தாகிவிட்டது. உள்கதவின் தாழ்ப்பாள் மட்டும்தான் மிச்சம். போனிலேயே குறியீடு காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி வைத்திருப்பவர்களுக்கு மெயிலுக்குப் பதிலாகப் போனில் ஒப்புதல் கேட்கும். பொருள் அதேதான்.

‘பாஸ்வேர்டை மாற்ற வேண்டுமா?’ என்று வரும் மெயில் வேறு ரகம். உங்கள் கணக்குப் பெயரோ மெயில் முகவரியோ தெரிந்த எவரும் அதை வரவழைக்க முடியும். அதைப் பார்த்துப் பதறத் தேவையில்லை.

பாஸ்வேர்டு எப்படிப் போனது? யாரோ உட்கார்ந்து ஊகித்திருக்க வாய்ப்பு குறைவு. என்றோ பதிவு செய்து மறந்துபோன ஒரு தளத்தில் இருந்து பட்டியல் கசிந்திருக்கும். அதே பாஸ்வேர்டை நீங்கள் இங்கேயும் வைத்திருப்பீர்கள். பட்டியலில் உள்ள லட்சக்கணக்கான மெயில்–பாஸ்வேர்டு ஜோடிகளை ஒரு நிரல் வரிசையாகப் போட்டுப் பார்க்கும். ஸ்டீமில் நுழைவதற்கு மெயில் முகவரி உதவாது, கணக்குப் பெயர் வேண்டும். ஆனால் மெயில் முகவரியின் முன்பாதியையே கணக்குப் பெயராக வைத்தவர்கள் ஏராளம் என்பது திருடர்களுக்கும் தெரியும். ஒரே ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) பல முறை தவறினால் ஸ்டீம் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிடும் என்பதால், முயற்சிகளை ஆயிரக்கணக்கான ஐபிகளில் பிரித்துவிடுவார்கள். இதில் ஒரு பக்க விளைவும் உண்டு. கல்லூரி விடுதி போல நூறு பேர் ஒரே ஐபியைப் பங்கிடும் இடத்தில், ஒருவர் செய்த தவறுகளுக்காக இன்னொருவருக்கு ‘உங்கள் நெட்வொர்க்கிலிருந்து அதிகத் தோல்விகள்’ என்று செய்தி வரும். அது தாக்குதல் இல்லை.

மெயிலில் காட்டும் ஊரையும் நாட்டையும் பெரிதாக நம்ப வேண்டாம். அது ஐபி எண்ணை வைத்துப் போடும் கணக்கு. மொபைல் டேட்டாவில் மதுரையிலிருந்து நுழைந்தால் சென்னை என்றோ மும்பை என்றோ காட்டுவது சாதாரணம். திருடனும் இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டு உங்கள் நாட்டிலிருந்தே வரலாம். நம்பகமான தடயம் நேரம்தான்: அந்த நிமிடத்தில் நீங்கள் நுழைய முயன்றீர்களா, இல்லையா?

இனி அந்தத் தாழ்ப்பாள். பாஸ்வேர்டுக்கு மேல் குறியீடும் கேட்கும் ‘ஸ்டீம் கார்டு’ (Steam Guard) என்ற காவல் வசதி 2011-இல் வந்தபோது, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் தன் கணக்கின் பாஸ்வேர்டைப் பொதுவிலேயே சொல்லி, முடிந்தால் நுழைந்து பாருங்கள் என்றார். அப்போது குறியீடு மெயிலில் மட்டுமே வந்தது. 2015-இல் மொபைல் ஆத்தென்டிகேட்டர் சேர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வால்வ் தந்த கணக்குப்படி, மாதத்துக்குச் சுமார் 77,000 கணக்குகள் கைப்பற்றப்பட்டுச் சூறையாடப்பட்டுக்கொண்டிருந்தன.

செயலி காட்டும் குறியீடு நெட்வொர்க் வழியாக வருவதில்லை, போனிலேயே பிறக்கிறது. செயலியை இணைக்கும் நாளில் சர்வரும் போனும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளை 30-ஆல் வகுத்தால் ஒரு முழு எண் கிடைக்கும். அதையும் ரகசியத்தையும் சேர்த்து எச்மேக்-ஷா1 என்ற ஒருவழிச் செயலில் அரைத்தால் 20 பைட்டுகள் வெளிவரும். அதில் நான்கு பைட்டுகளை மட்டும் எடுத்து, மேல் பிட்டை நீக்கினால் ஒரு பெரிய எண். அது 100 கோடி என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்தால் மீதி 12. ஈவை மறுபடி வகுத்தால் மீதி 24. அடுத்தடுத்து 19, 7, 4. ஸ்டீமின் 26 எழுத்து வரிசையில் பூஜ்யத்திலிருந்து எண்ணி அந்த இடங்களில் இருப்பவற்றை எடுத்தால் ஜி, எக்ஸ், கியூ, 9, 6. இதே வேலையைச் சர்வரும் செய்து ஒப்பிட்டுக்கொள்கிறது. 30 விநாடியில் எண் மாறும், குறியீடும் மாறும்.

அந்த 26-ஐக் கொஞ்சம் யோசித்துத்தான் பொறுக்கியிருக்கிறார்கள். ஆங்கில உயிரெழுத்து ஐந்தும் இல்லை. தற்செயலாகக் கெட்ட வார்த்தை அமைவது அரிது. பூஜ்யமும் ஒன்றும் இல்லை, எல் இல்லை. 5 இருப்பதால் எஸ் இல்லை, 2 இருப்பதால் இசட் இல்லை. ஆனால் 8-உம் பி-யும் இரண்டுமே இருக்கின்றன. குறியீடு தவறு என்று வந்தால் முதலில் அங்கே பாருங்கள். ஐந்து இடங்களுக்கு 26 வீதம் மொத்தம் 1,18,81,376 சேர்க்கைகள். வங்கி ஓடிபியின் ஆறு இலக்கம் தருவது 10 லட்சம்தான்.

இத்தனை கணக்கும் ஊகத்துக்கு எதிராகத்தான். நீங்களே குறியீட்டை எடுத்துக் கொடுத்தால் கணிதம் என்ன செய்யும்? ‘எங்கள் டீமுக்கு ஒரு வோட்டுப் போடு’ என்று நண்பரின் பெயரில் இணைப்பு வரும். திறந்தால் ‘ஸ்டீம் மூலம் நுழைக’ என்ற பொத்தான். அழுத்தினால் சின்னதாக ஒரு பிரவுசர் சாளரம், மேலே சரியான முகவரி, பூட்டுச் சின்னம். அந்தச் சாளரமே ஒரு படம், பக்கத்துக்குள் வரைந்தது. அதன் தலைப்பைப் பிடித்து, பிரவுசரின் விளிம்பைத் தாண்டி வெளியே இழுத்துப் பாருங்கள். உண்மையான சாளரம் தாராளமாக வெளியே வரும். போலி விளிம்பிலேயே வெட்டுப்படும். அங்கே நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டும் குறியீடும் அந்த 30 விநாடிக்குள்ளேயே உண்மையான ஸ்டீமுக்குப் போய்விடும். பாஸ்வேர்டுகளைச் சேமித்துத் தானே நிரப்பும் பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருந்தால் இன்னொரு அடையாளம்: போலிப் பக்கத்தில் அது வாய் திறக்காது.

இதைவிட மோசமானது, எந்த மெயிலும் வராமல் நடக்கும் திருட்டு. ஓசியில் கிடைத்த ‘சீட்’ (cheat, ஆட்டத்தில் ஏமாற்றி வெல்ல உதவும்) மென்பொருள், பூட்டை உடைத்த திருட்டு கேம் இவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் ‘தகவல் திருடி’ என்ற தீய நிரல், பாஸ்வேர்டைத் தேடுவதோடு நிற்காது. ஏற்கெனவே உள்ளே நுழைந்திருப்பதற்கு அடையாளமாகக் கணினியில் இருக்கும் டோக்கனையும் நகலெடுத்துவிடும். ஸ்டீமைப் பொறுத்தவரை அது நீங்களே உள்ளே இருப்பது போலத்தான். புதிதாக நுழைவே நடக்காதபோது குறியீட்டுக்கு ஏது வேலை?

அதனால்தான் சரிசெய்யும் வரிசை முக்கியம். அழுக்கான கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால், புதிய பாஸ்வேர்டையும் சுடச்சுடக் கொடுத்துவிடுகிறீர்கள். போனிலிருந்தோ நம்பகமான வேறு கணினியிலிருந்தோ தொடங்குங்கள்; சந்தேகமான கணினியை முழுதாக ஸ்கேன் செய்வது, முடிந்தால் விண்டோஸைப் புதிதாக ஏற்றுவது தனி வேலை. முதலில் மெயில் கணக்கு. அது திருடன் கையில் இருந்தால் மற்றதெல்லாம் வீண். அதன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, ஃபில்டர்களையும் ஃபார்வேர்டு அமைப்பையும் திறந்து பாருங்கள். ஸ்டீமிலிருந்து வருவதை நேரே குப்பைக்கு அனுப்பும் விதி ஒன்றை அங்கே போட்டு வைத்திருக்கலாம். பிறகு ஸ்டீம். மெயிலில் உள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியைக் கையால் அடித்து உள்ளே போய், வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள். அனுமதி பெற்ற சாதனங்களின் பட்டியலில் எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள். உங்கள் கணினியில் மறுபடி நுழைவது ஒரு நிமிட வேலை. ஆத்தென்டிகேட்டர் இல்லையென்றால் இப்போதே போடுங்கள். அது தரும் மீட்புக் குறியீடு ஆங்கில ஆர் எழுத்தில் தொடங்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். அதே போனில் படமெடுத்து வைத்தால் போன் தொலையும் நாளில் படமும் சேர்ந்துதான் தொலையும்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீமின் ஏபிஐ கீ (வெளி நிரல் உங்கள் கணக்கைப் பார்க்க உதவும் சாவி) பக்கத்தையும் திறந்து பாருங்கள். நிரல் எழுதுபவர்களுக்கான வசதி அது; சாதாரண ஆட்டக்காரருக்கு அங்கே எதுவும் இருக்கக் கூடாது. திருடன் உங்கள் பெயரில் ஒரு கீ பதிந்துவிட்டால், நீங்கள் அனுப்பும் ட்ரேட் ஆஃபர்களை (ஆட்டப் பொருட்களைக் கைமாற்றும் கோரிக்கைகளை) வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பான். ஆட்டத்துக்குள் கத்திக்குப் போடும் விலையுயர்ந்த அலங்காரமான கத்தி ஸ்கின்னை நண்பருக்கு அனுப்பும் நொடியில் அதை ரத்து செய்து, நண்பரின் பெயரும் படமும் போட்ட போலிக் கணக்கிலிருந்து அதே ஆஃபரை அனுப்புவான். போனில் பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், நீங்களே உறுதி செய்வீர்கள். கீ ஏதாவது தென்பட்டால் நீக்குங்கள். ஆத்தென்டிகேட்டர் இல்லாத கணக்கின் ட்ரேடுகளை ஸ்டீம் 15 நாள் வரை நிறுத்தி வைப்பதும், 2025 முதல் கவுன்டர்-ஸ்டிரைக் 2 ஆட்டப் பொருட்களின் ட்ரேடுகளை 7 நாளுக்குள் திருப்ப வழி செய்திருப்பதும் இப்படிப்பட்ட திருட்டை எண்ணித்தான்.

கணக்கு முழுதாகவே கைமாறிவிட்டால் ஸ்டீமின் உதவித் தளம் ஒன்றுதான் வழி. டிஸ்கார்டு அரட்டைச் செயலியில் ‘தவறுதலாக உன்னை ரிப்போர்ட் செய்துவிட்டேன், இந்த ஊழியரிடம் பேசு’ என்று வருபவர் எவரும் வால்வ் ஆள் இல்லை. உதவித் தளத்தில் உரிமைச் சான்று கேட்பார்கள்: கணக்கு தொடங்கியபோது கொடுத்த மெயில், பணம் கட்டிய கார்டு விவரம், கடையில் வாங்கிய ஆட்டத்தின் கீ. மெயில் பெட்டியைக் காலி செய்யும்போது பழைய வாங்கல் ரசீதுகளை மட்டும் விட்டுவையுங்கள். பாஸ்வேர்டு, மெயில், போன் எண் மூன்றையும் திருடன் மாற்றிவிட்ட பிறகு உங்கள் கையில் மிஞ்சுவது அவைதான்.