மூட்டையில் அடித்தாலும் தெரிய வேண்டும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர், திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் கடைக்கு லோகோ வேண்டும் என்று வந்தார். கையில் ஒரு தாள். முந்திரி மரம், உதிக்கும் சூரியன், பழம், பருப்பு, கும்பிடும் கைகள், பின்னால் பூமி உருண்டை எல்லாம் அதில் இருந்தன. "ஒன்றும் விட்டுப்போகக் கூடாது தம்பி" என்றார். ஏற்றுமதி உண்டா என்று கேட்டேன். இல்லையாம், உருண்டை சும்மா அழகுக்கு.

வாதாடவில்லை. கேட்டபடியே வரைந்து, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் வெறும் கருப்பில் அச்செடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கைகள் ஒட்டி இறால் போல் ஆகியிருந்தன. "இது என்ன, வண்டா?" என்றார். அது பழமும் பருப்பும்.

கணினித் திரையில் ஓர் அடி அகலத்தில் பார்த்துத்தான் எல்லோரும் சம்மதம் சொல்கிறோம். லோகோ பிழைப்பு நடத்தப்போவதோ பில் புத்தகத்தின் மூலையில், ரப்பர் ஸ்டாம்பில், வாட்ஸ்அப்பின் சின்ன வட்டத்தில். சாக்கு இன்னும் பொல்லாதது. இழைகளில் மை பரவும், மெல்லிய கோடு நிற்காது. தகரத்தை வெட்டி மூட்டைக்கு மார்க்கா அடித்தவர்களுக்கு இது தெரியும். வளையம் வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழுந்துவிடும் என்பதால், இடையில் பாலம் விட்டு வெட்டுவார்கள். அந்தக் கட்டுப்பாடே படத்தைச் சுருக்கிவிடும்.

"இவ்வளவையும் எடுத்துவிட்டால் என்னதான் மிஞ்சும்?" என்றார். அவர் பையில் ஸ்டேட் பாங்க் பாஸ்புக் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் காட்டினேன். நீல வட்டம், நடுவில் சிறு துளை, அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971-இல் உருவாக்கியது. பணமும் இல்லை, பெட்டகமும் இல்லை. ஆனாலும் வங்கி என்று தெரிகிறது. 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியும் அப்படித்தான். நம் உதயகுமார் வடிவமைத்த அதைப் பேனாவால் சட்டென்று எழுதிவிடலாம்.

எளிமை என்றால் வெறுமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பருப்பின் வளைவை மட்டும் வரைந்து கொடுத்திருந்தால் எனக்கு வேலை மிச்சம். ஆனால் பண்ருட்டியில் பத்துக் கடைகளுக்கு அதே லோகோ இருக்கும். அவருக்கே உரியது என்ன என்று இரண்டு நாள் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் அவருடைய தாளை மறுபடி எடுத்தேன். உச்சியில் பிள்ளையார் சுழி. படம் வரையும் முன்பே கை தானாகப் போட்டிருக்கிறது. அந்த 'உ'வின் சுழியைக் கொஞ்சம் தடிப்பாக்கி வளைத்தேன். முந்திரிப் பருப்பு வந்துவிட்டது. கீழ்க்கோடு அப்படியே நின்றது.

பெரியவர் வெகுநேரம் பார்த்தார். தன் விரலால் மேசைமேல் ஒருமுறை வரைந்தும் பார்த்தார்.

"நன்றாகத்தான் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் மட்டும் அந்த உருண்டையை ஓரமாகப் போட்டுவிடலாமா தம்பி?"

கார்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.