பழைய கத்திப்பட்டைப் புல்வெட்டி: கூர்மையைவிட இடைவெளி முக்கியம்

பின்னால் நடந்து ஓட்டும் பழைய கத்திப்பட்டைப் புல்வெட்டி, புல்லை நறுக்காமல் மடித்துப் போட்டுவிட்டுப் போனால், பலரும் உடனே பிளேடைத் தீட்ட உட்கார்ந்துவிடுவார்கள். கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

சுழலும் புல்வெட்டியின் பிளேடு நுனி நொடிக்கு 80 மீட்டர் அளவில் பாய்கிறது. அடிபட்ட புல்லுக்கு வளையக்கூட நேரமில்லை. கத்திப்பட்டையின் கதை வேறு. 76 மி.மீ. (3 அங்குலம்) தூரம் இடமும் வலமும் ஓடும் கத்தி (நீண்ட தண்டில் வரிசையாக ரிவெட் அடித்த முக்கோணப் பிளேடுகள்), அதை ஆட்டும் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினாலும், சராசரியாக நொடிக்கு 2 மீட்டர்தான் நகரும். அதனால் புல்லைத் தாங்கிப் பிடிக்க ஓர் எதிர்விளிம்பு தேவை. முன்னால் நீண்டிருக்கும் இரும்பு விரல்களில் ரிவெட் அடித்திருக்கும் அடித்தகடுதான் அது. திருகு தளர்ந்த கத்தரிக்கோலில் துணி மடிவதுபோல, பிளேடுக்கும் அடித்தகடுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் புல் உள்ளே மடிந்து அடைத்துக்கொள்ளும். 1833இல் அமெரிக்காவில் ஓபெட் ஹஸி காப்புரிமை பெற்ற கதிரறுக்கும் இயந்திரமும், இன்று நம் வயலில் இறங்கும் நெல் அறுவடை இயந்திரமும் இதே முறையில்தான் வெட்டுகின்றன.

வேலை தொடங்கும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். கத்தியை உருவி எடுத்தபின், முதல் விரலிலிருந்து கடைசி விரல்வரை அடித்தகடுகளின் மேல் நூல் பிடித்துப் பாருங்கள். கல்லில் மோதிய விரல் ஒன்றிரண்டு கட்டாயம் தாழ்ந்தோ உயர்ந்தோ இருக்கும். வளையும் வார்ப்பிரும்பு என்றால் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி நேராக்கலாம். விரிசல் கண்டால் மாற்றுவதே நல்லது. முனை மழுங்கி உருண்டுபோன அடித்தகடையும் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் புதுப் பிளேடு போடுவது வீண் செலவு.

தேய்ந்து நுனி ஒடுங்கிய முக்கோணப் பிளேடைக் கழற்ற, ரிவெட்டைத் துளையிட வேண்டியதில்லை. பிளேடு கீழே தொங்க, கத்தியின் தண்டை வைஸின் (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பட்டறைக் கருவி) தாடைமேல் வைத்து, பிளேடின் பின்விளிம்பில் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டால் ரிவெட்டுகள் வெட்டுப்பட்டுவிடும். துளையில் மிஞ்சிய துண்டை ‘பஞ்ச்’ எனும் இரும்பு முளையால் தட்டி எடுக்கலாம். புது ரிவெட்டின் தலையை அடியில் கனமான இரும்பு கொடுத்து இறுக அடியுங்கள். பிளேடு இம்மியும் ஆடக்கூடாது. வழவழப்பான பிளேடைத் தீட்டுவதானால் மேல்பக்கச் சரிவை மட்டும், பழைய கோணத்திலேயே தீட்டுங்கள். அடிப்பக்கத்தில் கிரைண்டர் படவே கூடாது, அங்கே தேய்த்தால் நீங்களே இடைவெளியை உண்டாக்குகிறீர்கள். எஃகு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று.

அடுத்தது, கத்தியை மேலிருந்து அமுக்கும் கிளிப்புகள். கிளிப்புக்கும் பிளேடுக்கும் நடுவே அரை மி.மீ.க்கு மேல் விடாதீர்கள். ஆனாலும் கத்தி கையால் தள்ளினால் ஓட வேண்டும். பின்விளிம்பைத் தாங்கும் தேய்மானத் தகடுகள் தேய்ந்திருந்தால் பிளேடின் நுனி தூக்கிக்கொள்ளும், கிளிப்பை எவ்வளவு தட்டினாலும் சரிவராது. பிளக் வயரை மாட்டாமலே, கத்தியை மெல்ல நகர்த்தி ஒவ்வொரு விரலிலும் செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள். தாள் கிழிந்தாலோ மடிந்தாலோ அந்த விரலில் இன்னும் இடைவெளி இருக்கிறது.

ஓட்டத்தின் இரு முனையிலும் பிளேடின் நடுவும் விரலின் நடுவும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால் அந்த வீச்சில் வெட்டு முழுமையடையாது, வரிவரியாகப் புல் நிற்கும். கிராங்கையும் கத்தியையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் நீளத்தையோ பட்டையின் போல்ட்டையோ மாற்றிச் சரிசெய்யலாம். ராடின் முனைத்துளையில் இருக்கும் புஷ் (உருளை வளையம்) தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். டக்டக் என்று தட்டும் சத்தம் அங்கிருந்துதான் வரும். அப்படியே ஓட்டினால் ஒருநாள், ராட் மாட்டும் கத்தியின் தலை முறியும்.

கத்திக்கு அவ்வப்போது சில சொட்டு எண்ணெய் போதும். மணற்பாங்கான நிலத்தில் அதையும் தவிர்க்கலாம், எண்ணெயில் ஒட்டிய மணல் உலோகத்தை அரைத்துவிடும். பருவம் முடிந்ததும் கத்தியை உருவி, புல்சாற்றைக் கழுவி, எண்ணெய் தடவி, பலகையில் தட்டையாகப் படுக்க வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்த கத்தி வளையும்.