ரா: சொல் விளக்கம்

கானாடுகாத்தானில் 2007-ல் எங்கள் ஐயாவுக்கு எண்பதாம் கல்யாணம். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், மாமா எடுத்த படங்களெல்லாம் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கில் கிடந்தன. போன மாதம் எடுத்துப் பார்த்தால் எல்லாப் பெயரின் வாலிலும் 'என்இஎஃப்'. போனில் ஒன்றும் திறக்கவில்லை. தம்பி கெட்டிக்காரன், வாலை மட்டும் 'ஜேபிஜி' என்று மாற்றிப் பார்த்தான். மூட்டையில் சோறு என்று எழுதி வைத்தால் அரிசி வெந்துவிடுமா?

என்இஎஃப் என்பது நிக்கான் கேமராவின் ரா கோப்பு; கேமரா பிடித்த தரவைப் படமாகப் பக்குவப்படுத்தாமல் அப்படியே வைத்திருப்பது. பழைய கேனான் கேமராக்களில் சிஆர்2, சோனியில் ஏஆர்டபிள்யூ. ஆங்கிலத்தில் ராவைப் பெரிய எழுத்துகளில் எழுதுவதால் ஏதோ சுருக்கப்பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, 'சமைக்காதது' என்னும் சாதாரணச் சொல்தான். இறைச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'க்ரேயாஸ்' இதற்கு உறவு. தம்பி ஒட்டப் பார்த்த ஜேபிஜி, அதாவது ஜேபெக்தான் சுருக்கம்; 1992-ல் அந்தத் தரத்தை வகுத்த நிபுணர் குழுவின் பெயர் அது.

தமிழில் என்ன சொல்வது? 'கச்சா' இந்தி வழி வந்தது, எண்ணெய் வாடையும் அடிக்கிறது. 'மூலக் கோப்பு' என்றால் ஒரிஜினல் என்று ஆகிவிடும். ஜேபெக்கிலும் ஒரிஜினல் உண்டே. நம்மிடம் 'பச்சை' இருக்கிறது. பச்சரிசி, பச்சைத் தண்ணீர், கைக்குழந்தையை 'பச்சை மண்ணு' என்பது எல்லாம் பக்குவப்படாத நிலைதான். சுடாத மண்பாத்திரத்தை 660-ஆம் குறள் 'பசுமட்கலம்' என்கிறது. அந்தப் பசுவும் இந்தப் பச்சையும் ஒரே வேர். 'பச்சையாகப் பேசுவது' நினைவுக்கு வந்து சிலர் நெளியலாம். அதனால் பச்சைப் படம் வேண்டாம், 'பச்சைக் கோப்பு' போதும்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பெரும்பாலான கேமராக்களில் ஒளியை உணரும் சென்சார்மேல் ஆத்தங்குடித் தரை மாதிரி கட்டம் கட்டமாக நிற வடிகட்டி இருக்கும். நான்கு கட்டத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு. ஒரு கட்டம் ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துக் கட்டங்களை வைத்து மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிக்கட்டும் 'வெள்ளைச் சமன்' செய்யாமல் அப்படியே பார்த்தால் படம் நிஜமாகவே பச்சையடித்துத் தெரியும்.

சரி, ஜேபெக் ஆக்குவதற்கு என்ன சொல்? 'மாற்றுதல்' எனக்குச் சப்பென்று இருக்கிறது. ஸ்டூடியோக்காரர்கள் பிலிமைக் 'கழுவி' பிரிண்ட் போட்டார்கள். இதுவும் கழுவுவதுதான். 12 பிட் ரா கோப்பில் வெளிச்சத்துக்கு 4,096 படிகள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 தான். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கழுவும்போதே முடிவாகிவிடும். கழுவியதைத் திரும்பப் பச்சையாக்க முடியாது.

காசில்லாமல் கிடைக்கும் டார்க்டேபிள் என்ற மென்பொருளில் அந்தப் படங்களைக் கழுவினேன். கோப்புக்குள் இருந்த சின்ன முன்னோட்டப் படத்தில் வளவின் வானம் வெளுத்து, தூண் நிழல் கரிப்பிடித்த மாதிரி இருந்தது. நிழலை மெல்ல ஏற்றியதும் தூணோரம் முதுகைச் சாய்த்து அப்பத்தா உட்கார்ந்திருந்தது தெரிந்தது, கையில் வெற்றிலை. ஜேபெக்கைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுப் பச்சைக் கோப்புகளை இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றி வைத்தேன்.