"தூக்கிவிட ஆள் இருக்கே" என்று இனியும் சொல்லாதீர்கள்

"ராம்ப் இல்லாட்டி என்ன சார், செக்யூரிட்டி தூக்கிவிடுவாரே!" சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை, அதாவது ராம்ப், இருக்கிறதா என்று பார்க்க கிளினிக், ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம் என்று எங்கே ஆய்வுக்குப் போனாலும் இதே பதில். அதையும் பெருமையாகச் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தண்டுவடத்தில் அடிபட்டவருக்குக் கால்களில் உணர்ச்சி இல்லாமல் போகலாம். தூக்கும்போது தோல் உரசிக் கிழிந்தாலும் தெரியாது. அந்தச் சிராய்ப்பே ஆறாத புண்ணாகி மாதக்கணக்கில் படுக்கையில் போட்டுவிடும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அது இழுபடும். பல சக்கர நாற்காலிகளில் கை வைக்கும் பகுதி கழற்றக்கூடியது. அதைப் பிடித்துத் தூக்கினால் அது மட்டும் கையோடு வரும், ஆள் கீழே விழுவார். பேட்டரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை நாற்காலியோடு தூக்கும் எண்ணமே வேண்டாம். இவ்வளவும் போகட்டும், முன்பின் தெரியாத இரண்டு ஆண்கள் அள்ளித் தூக்குவதற்கு ஒரு பெண் ஏன் சம்மதிக்க வேண்டும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 உங்கள் நல்ல மனசை அளப்பதில்லை. நோக்கம் எதுவானாலும், ஒதுக்கிவிடும் விளைவு இருந்தாலே பாகுபாடு. நியாயமான வசதி செய்துதர மறுப்பதும் பாகுபாடுதான். தனியாருக்கும் இது பொருந்தும். விதிகள் 2017 ஜூனில் வந்தன. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மாற்றிக்கொள்ள, சேவைகளுக்குத் தந்த 2 ஆண்டும், மக்கள் வந்துபோகும் பழைய கட்டடங்களுக்குத் தந்த 5 ஆண்டும் எப்போதோ முடிந்துவிட்டன. முதல் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை. "வெறும் கைடுலைன்தானே" என்ற சாக்கும் இனி எடுபடாது. கட்டடங்களில் இந்த வசதிகள் எப்படி இருக்க வேண்டும் என்ற அளவுகளைப் பரிந்துரையாக மட்டும் விட்டுவைக்கக் கூடாது, குறைந்தபட்சத் தரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, ராம்ப் போட்டவர்களாவது கணக்குப் பார்த்தார்களா? ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம், அவ்வளவுதான் கணக்கு. 6 அங்குலத்தில் 3 படி என்றால் மொத்தம் 18 அங்குலம், ராம்ப் 18 அடி. போட்டிருப்பதோ 4 அடி! அது பைக் ஏற்றுகிற சரிவு. அதில் ஏறினால் முன்சக்கரம் தூக்கி ஆள் மல்லாந்துவிடுவார். இடம் போதாதென்றால் சுவரோரமாக எல் வடிவில் மடக்குங்கள். மடங்கும் இடத்திலும், மேலே கதவுக்கு முன்னாலும் 5-க்கு 5 அடி சமதளம் விடுங்கள். அகலம் 4 அடி. இரு பக்கமும் கைப்பிடி, சக்கரம் நழுவாமல் ஓரத்தில் சின்னத் திட்டு. தயவுசெய்து பளபள டைல்ஸ் ஒட்டாதீர்கள். முதல் மழையிலேயே வழுக்கும்.

வாசல் வழி 900 மி.மீ., அதாவது கிட்டத்தட்ட 3 அடி, இருக்க வேண்டும். 3 அடி கதவு வாங்கிவிட்டதால் 3 அடி வழி கிடைத்துவிடாது. நிலையும் கதவுத் தடிமனும் தின்றது போக மிஞ்சுவதை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால், உள்ளே விழுந்தவரே கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், யாராலும் நுழைய முடியாது. கைப்பிடிக் கம்பியை ஹாலோ பிளாக் சுவரில் பிளாஸ்டிக் பிளக் வைத்து முடுக்குகிறார்கள். ஒரு மனிதரின் முழு எடையும் அதன்மேல்தான் இறங்கும். ஒருநாள் பிடுங்கிக்கொண்டு வரும். அந்த இடத்தில் காங்கிரீட் நிரப்பி ஆங்கர் போல்ட் போடுங்கள். மாப்பையும் அட்டைப்பெட்டியையும் உள்ளே அடுக்கிப் பூட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.

பார்வையற்றோருக்கான டைல்ஸில் கோடு என்றால் 'நடக்கலாம்', புள்ளி என்றால் 'கவனம்'. அழகுக்காக இரண்டையும் கலந்து ஒட்டினால் ஒருவர் நேராகத் தூணில் போய் மோதுவார்.

வாசலோடு திரும்ப நேர்ந்தவர்களுக்கு ஒன்று: படி உயரமும் ராம்ப் நீளமும் டேப்போடு தெரியும்படி படம் எடுங்கள். இடம், தேதி, என்ன சேவை மறுக்கப்பட்டது என்று எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு மனு கொடுங்கள். வக்கீல் வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை.